அயோவா சிட்டி: நடந்து அறிந்த ஊர்

முதல் பதிவு

அயோவா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மகளோடு தங்குவதற்காக, ஓர் அக்டோபர் மாதத் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள அயோவா சிட்டிக்குச் சென்று ஆறு வாரங்கள் இருந்தேன். சிகாகோவிலிருந்து மேற்கே காரில் நான்கு மணி நேரத்திற்குள் போய்விடலாம். வழிநெடுகிலும் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்கள். ஏறத்தாழ 75,000 பேர் வாழும் சிறிய ஊர் அது. காலையில் மகள் ஆய்வகத்திற்குச் சென்றதும் நான் நடக்கத் தொடங்குவேன். அந்த ஊரைக் காரில் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு அதன் சிறப்பில் பாதி கூடத் தெரியாது என்பது என் உறுதியான கருத்து.

ஊரின் நடுவே பொன் வேய்ந்த குவிமாடத்துடன் பழைய தலைமைச் செயலகம் நிற்கிறது. 1840-இல் அதற்கு அடிக்கல் நாட்டியபோது அயோவாவின் தலைநகரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது இந்த ஊர்தான். 1857-இல் தலைநகரம் டெமாய்ன் நகருக்கு மாறியதும், பத்தாண்டுகளுக்கு முன் நிறுவப்பட்டிருந்த பல்கலைக்கழகத்திடம் அந்தக் கட்டடம் ஒப்படைக்கப்பட்டது. அதைச் சுற்றி நான்கு பெரிய கட்டடங்கள் பின்னாளில் எழுந்தன. ஊர் எங்கே முடிகிறது, வளாகம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி மதில் ஏதும் இல்லாமல் இரண்டும் கலந்திருக்கின்றன.

அங்கிருந்து கிழக்கே செல்லும் அயோவா அவென்யூவின் நடைபாதையில், இந்த மாநிலத்தோடு தொடர்புடைய எழுத்தாளர்களின் வரிகளைப் பொறித்த வெண்கலத் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒரு நாள் காலையில் மூதாட்டி ஒருவர் தம் கைத்தடியால் உதிர்ந்த இலைகளை மெல்ல ஒதுக்கிவிட்டு ஒரு தகட்டை வாசித்துக்கொண்டிருந்தார். நான் அருகில் நின்றதைக் கண்டு, சற்று விலகி எனக்கும் இடம் கொடுத்தார். எந்த மொழியில் வாசிப்பீர்கள் என்று அவர் கேட்டார், தமிழ் என்றேன். உங்கள் மொழியிலிருந்தும் யாரேனும் இங்கு வந்திருப்பார்களே என்று இயல்பாகச் சொன்னார். 1967-இல் கவிஞர் பால் எங்கிளும் நாவலாசிரியர் ஹுவாலிங் நியேயும் தொடங்கிய பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்திற்கு 1973-இல் அசோகமித்திரன் வந்து தங்கியிருந்ததை அவரிடம் சொன்னேன். அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். தம் ஊருக்கு வந்து போன ஓர் எழுத்தாளரின் பெயரைச் சரியாக உச்சரிக்க வேண்டும் என்ற அந்த அக்கறை என் நெஞ்சைத் தொட்டது.

1936 முதல் இங்கு இயங்கும், படைப்பிலக்கியம் கற்பிக்கும் எழுத்தாளர் பட்டறையைப் பற்றியும், 2008-இல் யுனெஸ்கோ இவ்வூரை இலக்கிய நகரமாக அறிவித்தது பற்றியும் முன்பே படித்திருந்தேன். ஆனால் அவற்றின் பொருள் எனக்கு விளங்கியது பிரெய்ரி லைட்ஸ் புத்தகக் கடையில், ஒரு மாலை நடந்த வாசிப்பின்போதுதான். நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பின்னால் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் தமக்குக் கிடைத்த இருக்கையை எனக்குத் தந்துவிட்டு, புத்தக அடுக்குகளுக்கு இடையே தரையில் அமர்ந்து ஒரு மணி நேரம் கேட்டார்.

புதிதாகச் செல்வோருக்கு ஒரு சொல்: கேம்பஸ் என்னும் வளாகப் பேருந்துகளை மாணவர்களே ஓட்டுகிறார்கள், கட்டணம் கிடையாது, நம்மைப் போன்ற விருந்தினரும் ஏறலாம்.

மறுமொழி

ஐயா, நீங்கள் சென்ற அதே பருவத்தில் நானும் என் கணவரும் ஒரு சனிக்கிழமை பல்கலைக்கழகத்தின் கின்னிக் அரங்கில் அமெரிக்கக் கால்பந்தாட்டம் பார்த்தோம். ஆட்ட விதிகள் எங்களுக்கு முழுமையாகப் புரியவில்லை. முதல் கால்பகுதி முடிந்ததும் அரங்கிலிருந்த அத்தனை பேரும், இரு அணியினரும் நடுவர்களும் உட்பட, ஒரே பக்கம் திரும்பிக் கையசைத்தார்கள். அரங்கை ஒட்டி உயர்ந்து நிற்கும் குழந்தைகள் மருத்துவமனையின் சன்னல்களிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக 2017-இல் தொடங்கிய வழக்கம் இது என்று பக்கத்து இருக்கையிலிருந்த அம்மா விளக்கினார். அவருடைய மகன் ஒரு காலத்தில் அந்தச் சன்னலுக்கு உள்ளே இருந்தவனாம். நானும் கையசைத்தேன், கண்கள் நிறைந்துவிட்டன.

மறுமொழி

ஊரை ஊடறுத்து ஓடும் அயோவா ஆற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2008 ஜூன் வெள்ளத்தில் ஆற்றங்கரையிலிருந்த ஹேஞ்சர் கலையரங்கம் மீட்க முடியாதபடி சேதமடைந்தது. புதிய அரங்கம் மேட்டு நிலத்தில் கட்டப்பட்டு 2016-இல் திறக்கப்பட்டது. பல்கலைக்கழகக் கலைக்கூடத்திலும் நீர் புகுந்தது. அங்கிருந்த ஓவியங்களுள் ஜாக்சன் பொல்லாக் 1943-இல் தீட்டிய, ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமான ‘சுவரோவியம்’ ஒன்று. பல்கலைக்கழகத்தின் புதிய கலைக்கூடமாக 2022-இல் திறக்கப்பட்ட ஸ்டான்லி அருங்காட்சியகத்தில் அதன் முன் நான் நின்றபோது, அருகிலிருந்த பெரியவர் ஒருவர், வெள்ளத்தின்போது தம் மாணவர்களோடு இரவெல்லாம் மணல் மூட்டை கட்டியதைச் சொன்னார். கடைசியில் அந்த உழைப்பெல்லாம் தண்ணீரில் போனாலும், வெள்ளத்துக்கு முன்பே வெளியே கொண்டுபோகப்பட்ட இந்த ஓவியம் வீடு திரும்பிவிட்டதா என்று பார்க்க மாதம் ஒரு முறை வருவதாகக் கூறினார்.