இயேசு "நான் கடவுள்" என்று எங்கே சொன்னார்?

கேள்வி (கடலூர் ஓ.டி.)
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தினமும் பாண்டிக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் என்னோடு வரும் அண்ணன் ஒருவர், பைபிளை என்னைவிட நன்றாகப் படித்தவர், கன்னியக்கோயில் தாண்டும்போது கேட்டார்: "இயேசு தன் வாயால் 'நான் கடவுள், என்னைக் கும்பிடுங்கள்' என்று சொன்ன வசனம் ஒன்று காட்டும்மா." அதோடு யோவான் 14:28-ஐயும் எடுத்துக் காட்டினார், "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்." எனக்குப் பதில் வரவில்லை. சின்ன வயதிலிருந்து அவரிடம்தானே ஜெபம் பண்ணுகிறேன், அப்படியிருந்தும் பதில் வரவில்லையே என்று ராத்திரி தூக்கமே இல்லை.

பதில் (மஞ்சக்குப்பம்)
தங்கச்சி, அந்த வார்த்தைகள் அப்படியே எங்கும் இல்லை, அதை ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாற்கு 2-ஐப் பாருங்கள். கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரனிடம் முதலில் உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது என்கிறார். தேவன் ஒருவரே செய்யக்கூடியதை இவன் எப்படிச் செய்யலாம் என்று வேதபாரகர் மனதுக்குள் கொதிக்கிறார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. யோவான் 8:58-ல் "ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்" என்றதும் யூதர்கள் அவர்மேல் எறியக் கல்லை எடுத்ததும் அதனால்தான். 14:28-க்கு நான் பிலிப்பியர் 2-ஐத்தான் சேர்த்துப் படிப்பேன்: தேவனுடைய ரூபமாயிருந்தவர் தன்னை வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்தார். அப்படித் தாழ்ந்து வந்த இடத்தில் நின்றுதான் பிதாவைப் பெரியவர் என்கிறார். இந்த வசனத்தைப் பற்றிய சண்டை புதிதும் இல்லை, குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியு காலத்திலிருந்து இருக்கிறது, 325-ல் நிசேயாவில் ஆயர்கள் சங்கமாகக் கூடியதே முக்கியமாக இந்தக் கேள்விக்காகத்தான்.

பதில் (முத்தியால்பேட்டை)
நான் கத்தோலிக்கன். பாண்டி சம்பா கோயில் பூசையில் அப்பத்தை உயர்த்தி மணி அடிக்கும்போது என் ஆயா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உதடு மட்டும் அசைய, "என் ஆண்டவரே, என் தேவனே" என்பார். எழுதப் படிக்கத் தெரியாது. அது உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்து சீடர் தோமா சொன்னது, யோவான் 20:28, என்று எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதிர்ச்சியில் வாய்விட்டுக் கத்தியதுதான் என்பார்கள் சிலர், ஆனால் வசனத்தில் "அவருக்குப் பிரதியுத்தரமாக" என்று தெளிவாக இருக்கிறது. இயேசு அதை மறுக்கவும் இல்லை. லீஸ்திராவில் ஜனங்கள் தேவர்கள் என்று பலியிட வந்தபோது பவுலும் பர்னபாவும் துணியைக் கிழித்துக்கொண்டு ஓடினார்கள் (அப்போஸ்தலர் 14). வெளிப்படுத்தலில் யோவான் காலில் விழுந்தால் தூதன் வேண்டாம் என்கிறான். இவர் மட்டும் ஏற்றுக்கொள்கிறார். உங்கள் அண்ணனிடம் இதைக் கேளுங்கள்மா, இதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று.

கேட்டவர்
ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். போன வருஷம் அப்பாவை ஐ.சி.யு.வில் வைத்திருந்தபோது வராண்டாவில் உட்கார்ந்து நான் வேறு எந்த ஜெபமும் சொல்லவில்லை, "என் ஆண்டவரே" மட்டும்தான் திரும்பத் திரும்ப. நாளைக்கு பஸ்ஸில் யோவான் 20-ஐ அவரோடு சேர்ந்து முதலிலிருந்து வாசிக்கப் போகிறேன்.