புறாவுக்குத் தீனி போட்டவர்

கொழும்பில் வாழ்ந்த விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைப் பற்றிய ஞாபகங்களைக் கேட்டதற்கு, அவரைக் கண்டு கைகுலுக்கியவர்கள் எல்லாம் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் கண்டதெல்லாம் திரையில்தான். அதிலும் முதல் தடவை காணவே இல்லை.

அவருடைய நாவலை வைத்து 1984இல் வந்த '2010' படத்தைச் சில வருடம் கழித்து வாடகைக் கசெட்டில் பார்த்தோம். "வெள்ளை மாளிகைக்கு முன்னால் வாங்கில் இருந்து புறாவுக்குத் தீனி போடுவார், கவனமாகப் பார்" என்றார் மாமா. மூன்று தரம் பின்னுக்கு ஓட்டியும் ஆளைக் காணவில்லை. மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. அகலத்திரை டிவிடி கைக்கு வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. பழைய டிவிப் பெட்டிக்குள் அடக்குவதற்காகப் படத்தின் ஓரத்தை வெட்டியிருந்தார்கள். அந்த ஓரத்தில் மனுஷன் தன்பாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவே மாமாவுக்குப் போன் போட்டேன். "நான் சொன்னேன்தானே" என்றார், இருபது வருடக் கோபத்தோடு.

சிங்கள இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'பெத்தேகம' படத்தில் கிளார்க், இலங்கையில் அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர் லெனார்ட் வுல்ஃபாக வருவார். நடிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் துரை வேடத்துக்கு அச்சு அசல்.

டிவி என்றதும் இன்னொன்று. இலங்கைக்கு டிவி வந்தது 1979இல். அதற்குச் சில வருடம் முன்பே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் அவருடைய கொழும்பு வீட்டில் டிஷ் பூட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே இடத்தில் நிற்பதுபோல் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் அல்லவா, அவர் வீட்டுக்கு வராமல் வேறு எங்கே வரும்!

எனக்கு ஊர் திருகோணமலை. 1956இல் நண்பர் மைக் வில்சனோடு எங்கள் ஊர்ச் சுவாமி மலையடிக் கடலில் முழுகி, போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்களைக் கண்டவர் என்பதால் அம்மாவுக்கு அவர்மேல் தனிப் பிரியம். 2007 டிசம்பரில், 90 வயதுக்கு அவர் பேசிய வீடியோவைப் போட்டபோது அம்மாவும் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னவாம்?"

"மூன்று ஆசையாம் அம்மா. வேற்றுக்கிரகத்தில் உயிர் இருப்பதற்கு ஆதாரம் கிடைக்க வேண்டும், எண்ணெயை விட்டுச் சுத்தமான எரிசக்திக்கு மாற வேண்டும், இலங்கையில் நிரந்தரச் சமாதானம் வர வேண்டும்."

அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "கடைசியாகச் சொன்னதை முதலில் கேட்டிருக்கலாம்" என்றுவிட்டு அடுப்படிக்குப் போனார்.