டியூட்டி டாக்டர்களுக்கும் பி.ஜி.களுக்கும் வார்டுப் பயிற்சி: வகுப்பு எடுத்துப் பயனில்லை, எங்கே தொடங்குவது?

கடைமடை
டெல்டாவில் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனை, பொது மருத்துவப் பிரிவு. புதிதாகச் சேரும் டியூட்டி டாக்டர்கள் ஒரு பக்கம், மாவட்ட ரெசிடென்சியில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகும் பி.ஜி.கள் (மேற்படிப்பு டாக்டர்கள்) ஒரு பக்கம். வாரம் ஒரு மதியம் ஸ்லைடு போட்டு வகுப்பு நடக்கிறது. கேள்வி கேட்டால் எல்லாரும் சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் நள்ளிரவில் பூச்சிமருந்து குடித்த கேஸ் வந்தால் அட்ரோபின் (அந்த நஞ்சுக்கு மாற்று ஊசி) இரண்டு ஆம்பூலோடு நின்றுவிடுகிறது. பாம்புக்கடி கேஸ் ஷீட்டில் ரத்தம் உறையும் சோதனை ஒரே ஒரு தடவை எழுதியிருக்கிறது. சிமுலேஷன் லேப் கிடையாது. தினம் அரை மணிக்கு மேல் ஒதுக்க முடியாது. சம்பா நடவுக்கு முன்னால் எதை மாற்றலாம்?

வெண்ணாறு
சார், அந்த அரை மணியை வார்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். இப்போதைக்குப் பாடம் இரண்டு போதும்: மருந்து குடித்தவர், பாம்புக்கடி.

அட்ரோபினுக்கு டிரில் இப்படி. காலிக் கட்டில், ஒரு டியூட்டி டாக்டர், ஒரு ஸ்டாஃப் நர்ஸ், கடிகாரம். ஆம்பூலில் 0.6 மி.கி. மூன்றில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்து, போதவில்லை என்றால் இரட்டிப்பு: 3, 6, 12, 24. மொத்தம் 45 ஆம்பூல், 27 மி.கி. இதைப் போர்டில் எழுதினால் தலையாட்டுவார்கள். கையால் உடைக்கச் சொல்லுங்கள் (டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூல் போதும்). 24 ஆம்பூலை ஐந்து நிமிடத்தில் ஒரே ஆள் உடைத்து ஏற்ற முடியாது என்பது அப்போதுதான் உறைக்கும். இரவில் டோஸ் நின்றுபோவதற்குப் பாதிக் காரணம் அதுதான், அறியாமை இல்லை. இரண்டாவது ஆளைக் கூப்பிடுவதும் டிரில்லில் ஒரு படியாக இருக்கட்டும்.

ஒவ்வொரு ஐந்து நிமிடத்திலும் ஐந்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: நெஞ்சு தெளிந்ததா, நாடி 80க்கு மேலா, மேல் ரத்த அழுத்தம் 80க்கு மேலா, அக்குள் காய்ந்ததா, கண்மணி ஊசிமுனையாகவே இருக்கிறதா. வழக்கமான தவறுகள்: கண்மணியை மட்டும் பார்ப்பது, அது தாமதமாகத்தான் விரியும். நாடி ஏற்கெனவே வேகமாக இருக்கிறதே என்று அட்ரோபினைத் தள்ளிப்போடுவது. ஆக்ஸிஜன் குறைவாலும் நாடி ஓடும், அது தடையல்ல. புரையேறி ஒரு பக்கம் மட்டும் கேட்கும் கரகரப்பை அட்ரோபினால் காயவைக்கப் பார்ப்பது.

தெளிந்த பிறகு, மொத்த டோஸில் 10 முதல் 20 சதவீதம் மணிக்கு: இந்தக் கணக்கில் 2.7 முதல் 5.4 மி.கி. உளறல், காய்ச்சல், குடல் சத்தம் இல்லாமை என்றால் அதிகமாகிவிட்டது. நிறுத்தி, அடங்கிய பின் குறைத்துத் தொடங்க வேண்டும். இரண்டாம் நாள் ரவுண்ட்ஸில் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வதை எல்லாரும் செய்யட்டும். குடித்த 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசை தளர்ந்தால் அடுத்தது மூச்சு.

ஒரு வேண்டுகோள்: நிஜ நோயாளியின் தலைமாட்டில் நின்று ‘ஏன் குடித்தார்’ என்று பாடம் நடத்தாதீர்கள். அது தனி அறையில் பேச வேண்டியது.

சிஸ்டர்_ஷிஃப்ட்3
வணக்கம் டாக்டர். பாம்புக்கடியில் சோதனை தப்புவது பெரும்பாலும் டியூபால்தான். பிளாஸ்டிக் டியூபில் எடுத்தால் சாதாரண ரத்தமே உறையாமல் நிற்கும். சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் அப்படியே. புது, காய்ந்த கண்ணாடி டியூபில் 2 மி.லி., 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். நடுவில் யாராவது எடுத்து ஆட்டினால் திரும்ப ஆரம்பம். சந்தேகம் வந்தால் கூட வந்தவர் ஒருவரின் ரத்தத்தைப் பக்கத்திலேயே வையுங்கள். பாம்புக்கடி டிரேயில் இந்த டியூபும் டைமரும் எப்போதும் இருக்க வேண்டும், ஷிஃப்ட் மாறும்போது எண்ணி ஒப்படைக்க வேண்டும்.

முதல் சோதனை நன்றாக உறைந்தாலும் விடக்கூடாது: மூன்று மணி நேரம் அரை மணிக்கொரு தடவை, பிறகு மணிக்கொரு தடவை. ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) போட்ட பின் ஆறு மணிக்கொரு தடவை, ஏனென்றால் உறையும் காரணிகளை ஈரல் திரும்பச் செய்ய அவ்வளவு நேரம் வேண்டும். கேஸ் ஷீட்டில் நேரக் கட்டங்களை முன்பே போட்டு வைத்தால் யாரும் மறப்பதில்லை.

பவுடர் ஏ.எஸ்.வி. கரைப்பதையும் கற்றுக்கொடுங்கள். வயலுக்கு 10 மி.லி., உருட்டிக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். பத்து வயலும் சலைனில் ஒரு மணி நேரத்தில் ஏற வேண்டும். தோலில் டெஸ்ட் டோஸ் வேண்டாம், அது எதையும் முன்கூட்டிச் சொல்லாது. அட்ரினலின் 0.5 மி.லி. சிரிஞ்சில் ஏற்றி, பெயர் ஒட்டி, கட்டிலருகே இருக்கட்டும். ரியாக்‌ஷன் வந்தால் தொடையில். டிரில்லுக்கு டாக்டர்களை மட்டும் கூப்பிட்டால் பயனில்லை, ராத்திரி மருந்தைக் கலப்பது நாங்கள்தான்.

அரசலாறு
மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் டிரில்லுக்கு எப்போதும் ஒரே கதையைக் கொடுக்காதீர்கள். கடித்த தடத்தோடு வரும் கண்ணாடிவிரியன் எல்லாருக்கும் தெரியும். தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வருகிறார், தடமே இல்லை, இமை லேசாகச் சரிகிறது: கட்டுவிரியனை நினைக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொன்னால் சரிவு தெரியும். இந்தக் கேஸைத் தஞ்சாவூருக்கு ரெஃபர் செய்யும் டிரில்லும் வேண்டும். மூச்சுக்குழாயையும் ஆம்பு பேகையும் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) யோசிக்காமல் 108இல் ஏற்றுவது பெரிய ஆபத்து.

இன்னொன்று, ஷிஃப்ட் ஒப்படைப்பு. இதற்குச் செலவே இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஒன்பது மருத்துவமனைகளில் ஐ-பாஸ் என்ற ஒப்படைப்பு முறையைக் கற்றுக்கொடுத்து, 2014இல் வெளியான முடிவில் மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. சாரம் இது: எவ்வளவு தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியது, ‘இப்படி ஆனால் இதைச் செய்’, கேட்டவர் திரும்பச் சொல்வது. எலி பேஸ்ட் சாப்பிட்டவருக்கு நான்காவதுதான் உயிர்: முதல் ஒன்றிரண்டு நாள் நன்றாகவே இருப்பார், பிறகு ஈரல் போகும். ‘நன்றாக இருக்கிறார், வீட்டுக்கு அனுப்பலாம்’ என்று ஒப்படைத்தால் முடிந்தது.

வாரம் ஒருவரை, நிஜ நோயாளியைப் பரிசோதிக்கும்போது பக்கத்தில் நின்று 15 நிமிடம் பாருங்கள், குறுக்கிடாமல். முடிந்ததும் நன்றாகச் செய்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று, அதோடு விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் கேஸில் இதைச் செய்தால், அக்குளையும் அரையையும் திறந்து ஸ்க்ரப் டைஃபஸின் (சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல்) கரும்பொருக்கைத் தேடுபவர் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

கடைமடை
நன்றி. சிஸ்டர், காலாவதியான ஏ.எஸ்.வி. வயல் கேட்டால் ஸ்டோரில் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

சிஸ்டர்_ஷிஃப்ட்3
கணக்கில் கழித்த பிறகுதான் தருவார்கள் டாக்டர், கடிதம் கொடுத்து வையுங்கள். கிடைத்ததும் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று சிவப்பில் ஒட்டி, வார்டு ஃபிரிட்ஜில் வைக்காமல் உங்கள் அறை அலமாரியில் பூட்டுங்கள், ஸ்டாக்கோடு கலந்துவிடக்கூடாது. அதுவரை கழித்துப்போட்ட ஏதாவது பவுடர் ஆன்டிபயாட்டிக் வயலில் பழகலாம். அது சீக்கிரம் கரைந்துவிடும், நுரையும் அவ்வளவு வராது, நிஜத்தில் இதைவிட நேரமாகும் என்று சொல்லிவிடுங்கள்.