இன்டர்செப்டர் 650-க்கு எந்த ஃபியூல் டியூனர் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. என்னுடையது பிஎஸ்6 ராயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர் பைக். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் வேறு ஏர் ஃபில்டரும் போட்ட பிறகு, த்ராட்டிலை விட்டால் படபடவென்று வெடிக்கிறது. 3000 ஆர்பிஎம் பக்கம் இழுவையில் ஒரு தயக்கமும் இருக்கிறது. கலவை லீன் ஆகிவிட்டது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை என்றுதான் தோன்றுகிறது.

பெட்ரோல் அளவை மாற்றித் தரும் டியூனர் பெட்டிகளில் ஃபியூல்எக்ஸ் வாங்கலாமா, பவர்ட்ரானிக் வாங்கலாமா என்று குழப்பம். முதலாவது விலை குறைவு, மாட்டுவதும் சுலபம். இரண்டாவது பெட்ரோல் அளவோடு இக்னிஷன் டைமிங்கையும் மாற்றித் தரும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவையே ரீஃப்ளாஷ் செய்யலாம் (அதன் மென்பொருளை மாற்றி எழுதலாம்), ஆனால் வாரண்டி முடியும்வரை அதில் கைவைக்க எனக்கு மனமில்லை.

என் சந்தேகம் இதுதான். சீரான வேகத்தில் போகும்போது புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். டியூனர் கூடுதலாக ஊற்றினால், 'ரிச்' (பெட்ரோல் அதிகம்) என்று சென்சார் சொல்லும், ஈசியூ மறுபடி குறைத்துவிடும். அப்புறம் என்ன பயன்? இப்படி ஈசியூவோடு சேர்த்து மாட்டும் பிக்கிபேக் டியூனர் போட்டவர்கள் சென்சாரை அப்படியே விட்டீர்களா, அதற்கும் தனிப் பெட்டி மாட்டினீர்களா?

டாப் ஸ்பீடு எனக்கு முக்கியமில்லை. பின்னால் ஆள் வைத்து வால்பாறை ஏறும்போது கீழ் ஆர்பிஎம்மில் திக்காமல் இழுத்தால் போதும். இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு ஏற்ற மேப் (டியூனருக்கான அளவு அட்டவணை) கிடைக்கிறதா, மைலேஜ் எவ்வளவு அடிவாங்கும் என்றும் சொல்லுங்கள். கோவைப் பக்கம் கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்து, பைக்கை நிறுத்தியே ஓட்டிப் பார்க்கும் டைனோ மேடையில் டியூன் செய்பவர் இருந்தால் இன்னும் நல்லது.

பழைய சைலன்சரையே மாட்டு என்ற யோசனை மட்டும் வேண்டாம், அது வீட்டிலேயே தினமும் கிடைக்கிறது.