ஆக்சிஜன் சென்சார் மாத்தியும் லைட் எரியுது: "லீன்"னு காட்டுது, ஆனா பிளக் கரியா இருக்கு

திண்டுக்கல் சக்கரம்:

வணக்கம் நண்பர்களே. 2014 மாடல் பெட்ரோல் கார், 1,200 சிசி, 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி ரெண்டு மாசமா 12, 13ன்னு இறங்கிடுச்சு. செக் எஞ்சின் லைட்டும் எரிஞ்சது. ஷெட்ல ஸ்கேன் போட்டாங்க, பி0171 வந்தது. லீனா ஓடுது, முன்னாடி ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சுன்னு 4,200 ரூபாய்க்கு மாத்தினாங்க. நாலு நாள் லைட் வரலை. அஞ்சாம் நாள் வத்தலகுண்டு போயிட்டுத் திரும்புறப்போ மறுபடி எரியுது.

ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கி நானே பார்த்தேன். எஞ்சின் நல்லா சூடானப்புறம் ஐடில்ல ஷார்ட் டேர்ம் ட்ரிம் (பெட்ரோலை எத்தனை சதம் கூட்டிக் குறைக்குதுங்கற கணக்கு) +5, லாங் டேர்ம் +21. 2,500 ஆர்பிஎம்ல பிடிச்சா லாங் டேர்ம் +8. முன் சென்சார் ஐடில்ல 0.1, 0.2 வோல்ட்லயே கிடக்குது, எப்பவாவது 0.7 வரைக்கும் போகுது. 2,500ல மேலயும் கீழயும் நல்லா ஆடுது. புகைக்குழாய்ல இன்னும் தள்ளி இருக்கற பின் சென்சார் 0.75ல நிக்குது.

லீன்னா பெட்ரோல் பத்தலைன்னுதானே அர்த்தம்? ஆனா நாலு பிளக்கும் அடுப்புக்கரி மாதிரி இருக்கு, தொட்டா விரல்ல ஒட்டுது. சைலன்சர் பக்கத்துல நின்னா கண்ணு எரியுது. பத்தாத பெட்ரோல் எப்படிக் கரி பிடிக்கும்? இன்னொரு சென்சார் வாங்கணுமா?

குன்றத்தூர் ரைடர்:

பேட்டரி டெர்மினலைக் கழட்டி அரை மணி நேரம் விடுங்க ப்ரோ. ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) ரீசெட் ஆயிடும். எனக்கு லைட் அணைஞ்சது.

22 எம்எம் ஸ்பேனர், கோயம்புத்தூர்:

தம்பி, சென்சார் வாங்காதீங்க. நீங்க எழுதினதுலயே விடை இருக்குதுங்க. இருபத்தாறு வருஷமா ஷெட் வெச்சிருக்கேன், இந்த பி0171 எர்ரர் கோட் நம்பரைப் பார்த்து நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்ட வண்டி எத்தனையோ வந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் மனசு வலிக்குது.

அந்த சென்சாருக்குப் பெட்ரோல்னா என்னன்னே தெரியாது. அதுக்குள்ள ஒரு ஜிர்கோனியா குப்பி. ஒரு பக்கம் வெளிக்காத்து, இன்னொரு பக்கம் புகை. சூடானப்புறம் ரெண்டு பக்கத்துக்கும் ஆக்சிஜன்ல எவ்வளவு வித்தியாசம்னு வோல்ட்டாச் சொல்லும், அவ்வளவுதான். புகையில ஆக்சிஜன் மிச்சம் இருந்தா 0.1, இல்லைன்னா 0.9. நடுவுல 0.45. காத்து 14.7 கிலோவுக்குப் பெட்ரோல் 1 கிலோங்கற அந்தக் கணக்குலதான் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவும். 1976ல பாஷ் இதை வோல்வோ கார்ல மாட்டினப்பவும் இதே வேலைதான்.

புகையில ஆக்சிஜன் எங்கிருந்து வந்துச்சுன்னு அதால சொல்ல முடியாது. எஞ்சின்ல இருந்து புகையை வாங்கற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங்ல ஒரு கீறல் இருந்தாப் போதும். புகை விட்டு விட்டுத்தானே வருது, ரெண்டு துடிப்புக்கு நடுவுல வெளிக்காத்தை உள்ள இழுக்கும். சென்சார் அந்தக் காத்தைப் பார்த்து லீன்னு சொல்லுது, ஈசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுது. உங்க +21 அதுதான்: மேப்ல, அதாவது ஈசியுக்குள்ள எழுதி வெச்ச பெட்ரோல் அளவுக் கணக்குல, இருக்கறதைவிட 21 சதம் அதிகம். எஞ்சினுக்குள்ள நிஜமாவே ரிச், பெட்ரோல் அதிகம். கரி அங்க வருது.

எஞ்சினுக்குக் காத்து போற இன்டேக் பக்கம் காத்துக் கசிஞ்சாலும் லீன்னு காட்டும், ட்ரிம் ஏறும். ஆனா அங்க ஈசியு கூட்டறது சரியான திருத்தம், பிளக் பழுப்பா சுத்தமா இருக்கும். ட்ரிம் ப்ளஸ்ல இருந்து பிளக்கும் கருப்பா இருந்தா சென்சாருக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் லீக்கைத் தேடுங்க. 2,500ல ட்ரிம் இறங்கறதும் அதனாலதான், புகை அழுத்தம் கூடினா காத்து உள்ள வர வழி குறையும். அங்க சென்சார் நல்லா ஆடுதுல்ல? அதுக்கு உயிர் இருக்குதுங்க. பின் சென்சார் 0.75ல நின்னு ரிச்னு சாட்சி சொல்லுது.

நாளைக்கு விடிகாலைல பானட்டைத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. "டிக் டிக்"னு சத்தம் வந்து, ரெண்டு மூணு நிமிஷத்துல இரும்பு சூடாகி விரிஞ்சதும் அடங்கும். ஹீட் ஷீல்டைக் கழட்டி ஜாயின்ட் ஓரமா டார்ச் அடிங்க, விசிறி மாதிரி கருப்புப் படிஞ்சிருக்கும். சந்தேகம்னா எஞ்சின் ஆறினப்புறம் சோப்புத் தண்ணி தெளிச்சு, சைலன்சர் வழியா புளோயர்ல காத்து விடுங்க. நுரை வர்ற இடம் தெரிஞ்சிடும்.

பேக்கிங் மாத்தும்போது சிலிகான் பேஸ்ட் தடவ விடாதீங்க. அந்த ஆவி சென்சார் முனைல வெள்ளையாப் படிஞ்சா புது சென்சாரும் செத்துடும்.

குன்றத்தூர் தம்பி, ரீசெட் பண்ணினா ஈசியு கத்துக்கிட்ட ட்ரிம் பூஜ்யம் ஆகுது, கோளாறு அங்கேயேதான் இருக்கு. திண்டுக்கல்காரர் வண்டி நாலு நாள் அமைதியா இருந்ததும் சென்சாரால இல்ல, அந்த எர்ரர் கோட் நம்பரை அழிச்சதால.

திண்டுக்கல் சக்கரம்:

அண்ணே, காலைல அந்தச் சத்தம் கேட்டுச்சு. மூணாவது சிலிண்டர்கிட்ட ஒரு ஸ்டட் ஒடிஞ்சு நட்டே இல்ல, பேக்கிங் அரிச்சுப் போயிருக்கு. கை அகலத்துக்குக் கருப்பு. ஸ்டட், பேக்கிங், பிளக் எல்லாம் மாத்தி ஒன்பது நாள் ஆச்சு. லைட் வரலை, 16 கிடைக்குது. லாங் டேர்ம் ஐடில்ல +5, 2,500லயும் +5. இன்னும் எங்கயாவது லீக் இருக்குமா?

22 எம்எம் ஸ்பேனர், கோயம்புத்தூர்:

ரொம்ப சந்தோஷமுங்க. அந்த +5 லீக் இல்ல. இப்ப பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கு, அதுக்கு 14.7 காத்து அதிகம், ஏறக்குறைய 13.5 போதும். உங்க வண்டி மேப் பழைய பெட்ரோலுக்கு எழுதினது, மிச்சத்தை சென்சார் பார்த்து ஈசியு கூட்டிக்குது. எல்லா ஆர்பிஎம்லயும் ஒரே மாதிரி நின்னா விட்டுடுங்க. பத்தைத் தாண்டினா ஸ்கேன் படம் எடுத்து இங்க போடுங்க.