வைவாக்ஸ் மலேரியா: காய்ச்சல் விட்ட பிறகும் 14 நாள் மாத்திரை எதற்கு?

கேள்வி: குளோரோகுயின் 3 நாளில் முடிகிறது, காய்ச்சலும் விடுகிறது. அப்புறம் பிரைமாகுயின் 14 நாள் ஏன்?

பதில் 1: குளோரோகுயின் ரத்தத்தில் உள்ள கிருமியைத்தான் கொல்லும். வைவாக்ஸ் கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்தும் கிளம்பும். அதற்குத்தான் பிரைமாகுயின்: கிலோவுக்கு 0.25 மி.கி., 60 கிலோ ஆளுக்குத் தினம் 15 மி.கி. வெறும் வயிற்றில் போட்டால் வயிறு பிடுங்கும்; சிலர் பாதியில் நிறுத்த அதுவும் ஒரு காரணம்.

பதில் 2: முதலில் ஜி6பிடி என்ற நொதிக்கான ரத்தப் பரிசோதனை! அந்த நொதி குறைந்தவர்களுக்குச் சிவப்பணு உடையும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனை. கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

பதில் 3: சென்னையில் இதைப் பரப்பும் ஸ்டீபன்சி கொசு மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும். மூடி போட்டும் வழிகுழாய் வாய் திறந்திருந்தால் வீண். கொசுவலைத் துணி கட்டுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியை வடித்து, தேய்த்து, காயவிடுங்கள்.