ஸைரீக்கா: நாலு சிடியும் ஒண்ணா ஓட மாட்டேங்குது

கேள்வி
ஃபிளேமிங் லிப்ஸ்ங்கற அமெரிக்க ராக் பேண்டோட ‘ஸைரீக்கா’ ஆல்பம் (1997). நாலு சிடியிலயும் அதே எட்டுப் பாட்டு, ஆனா வாத்தியமும் குரலும் பிரிஞ்சு கிடக்கு, நாலையும் ஒரே நேரத்துல ஓடவிட்டுத்தான் முழுப் பாட்டையும் கேக்கணும். என்கிட்ட இருக்கறது: ரெண்டு சிடி பிளேயர், ஒரு டிவிடி பிளேயர், புளூடூத் ஸ்பீக்கரோட ஒரு லேப்டாப். ஒரே நேரத்துல அழுத்தினாலும் எதிரொலி அடிக்குது, போகப் போக இன்னும் விலகுது. நாலையும் சேர்த்த ஒரே ஃபைலைக் கேட்டா போதாதா?

பதில் 1
முதல்ல புளூடூத்தை எடுத்துட்டு வயர் போடுங்க. அதுல மட்டுமே 100 மில்லி செகண்டுக்கு மேல தாமதம் வரும். 30, 40 தாண்டினாலே காது அதைத் தனி அடியாப் பிரிச்சுடும்.

அடுத்தது, நேரா ப்ளே அழுத்தாதீங்க. தட்டு சுத்த ஆரம்பிக்க ஒவ்வொரு பிளேயரும் ஒவ்வொரு நேரம் எடுக்கும். நாலையும் பாட்டோட தொடக்கத்துல பாஸ்ல நிறுத்தி, எண்ணிக்கை சொல்லி ஒண்ணா விடுங்க. பாட்டுக்கு முன்னாடி பாட்டு எண்ணைச் சொல்ற குரல் வரும், அது நாலுலயும் ஒரே குரலாக் கேக்கணும். எப்பவும் ஒரே பிளேயர்தான் பிந்துதுன்னா அதை மட்டும் ஒரு இமை முன்னாடி விடுங்க.

எட்டுப் பாட்டையும் ஒரே ஓட்டமா ஓட்ட வேண்டாம். ஓடற வேகத்தை முடிவு பண்ற கிரிஸ்டல் கடிகாரம் ஒவ்வொரு பிளேயருக்கும் தனித்தனி. பத்து லட்சத்துல 100 பங்கு வித்தியாசம் இருந்தாலே 5 நிமிஷத்துல 30 மில்லி செகண்டு விலகிடும். பாட்டுக்குப் பாட்டு புதுசா சேருங்க.

பதில் 2
ஸ்பீக்கரை நாலு மூலையில வச்சு நடுவுல உக்காருங்க. ஒலி ஒரு மீட்டர் கடக்க 3 மில்லி செகண்டு ஆகும், அதனால தூரம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாப் பரவாயில்ல. சவுண்ட் அளவுதான் முக்கியம், ஒண்ணு ஓங்கினா மத்த மூணும் அமுங்கிடும். ஆறாவது பாட்டுல மட்டும் சவுண்டைக் குறைங்க. ரொம்ப உச்சமான, ரொம்பத் தாழ்ந்த அதிர்வெண்கள் இருக்கு, ஆல்பத்துலயே எச்சரிக்கை போட்டிருக்காங்க. கைக்குழந்தை இருக்கற அறையில வேண்டவே வேண்டாம்.

பதில் 3
சேர்த்த ஃபைல் போதாது. நாலையும் அப்படியே கூட்டினா அளவு 12 டெசிபல் வரைக்கும் ஏறும், குறைக்காம விட்டா ஒலி கிழிஞ்சுடும். அதைக்கூட சரிபண்ணிடலாம். ஆனா போறது வேற. மத்த ஆல்பத்துல ட்ரம் எங்க, குரல் எங்கன்னு மிக்ஸ் பண்றவர் முடிவு பண்ணிடுவார். இதுல கடைசி முடிவு உங்க அறைக்கும் அந்தச் சின்ன விலகலுக்கும் விடப்பட்டிருக்கு. பேண்டோட பாடகர் வெய்ன் காய்ன் ஓக்லஹோமா சிட்டியில கார்களை நிறுத்தி, ஒவ்வொண்ணுலயும் ஒரு கேசட் போட்டு ஒரே நேரத்துல ஓடவிட்ட சோதனையோட தொடர்ச்சிதான் இது. கடைசிப் பாட்டு முடியறப்ப நாய்கள் குரைக்குதே, நாலு மூலையிலிருந்தும் கொஞ்சம் முந்திப் பிந்தி வந்தாத்தான் நாம கூட்டத்துக்கு நடுவுல மாட்டின மாதிரி இருக்கும். ஸ்டீரியோவுல அதே குரைப்பு எதிர்ச் சுவத்துல ஒட்டிக்கிடும்.

1999-ல வந்த இவங்களோட ‘த சாஃப்ட் புல்லட்டின்’ ஆல்பத்தோட அடுக்கடுக்கான ஒலிக்கும் வேர் இங்கதான். ரெண்டுக்குமே தயாரிப்பாளர் டேவ் ஃப்ரிட்மன் கூட இருந்து வேலை செஞ்சார்.

டிவிடி பிளேயர் சரியா பாஸ் ஆகலன்னா விட்டுடுங்க, மூணை மட்டும் ஓட்டுங்க. நாலு சிடியையும் வச்சு, தனியாவும் சேர்த்தும் மொத்தம் 15 விதமாக் கேக்கலாம், அதுல இதுவும் ஒண்ணு.